ரேஸ்கோர்ஸ் மைதானத்துக் காலைக் கூட்டத்துக்கு ஒரு நன்றி மடல்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விடியுமுன் கூடி உடற்பயிற்சி செய்து வியர்வை சிந்தும் அக்கா தங்கச்சிமாருக்கும் அண்ணன் தம்பிமாருக்கும், எங்களை வேலை வாங்கும் மாஸ்டர் தம்பிக்கும் வணக்கம்.

சித்திரைத் திருவிழா முடிந்து வீடு ஓய்ந்திருக்கிறது. மனதில் இருப்பதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் எங்கள் தெருக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் போடுவது வழக்கம். முன்பெல்லாம் எனக்கு அங்கே நாற்காலி வேலைதான், டம்ளர் கழுவிக் கொடுப்பது. வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். இந்த வருஷம் மோர் அண்டாவின் ஒரு காதை நான் பிடித்தேன், மறு காதைக் கொழுந்தன் மகன் பிடித்தான். காலை அகட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகு வளையாமல் குனிந்து, மூச்சை வயிற்றில் பிடித்துக்கொண்டு, பாதத்தால் தரையை அழுத்தி எழுந்தேன். தரையில் கிடக்கும் எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டுக்கு மாஸ்டர் சொல்லிக்கொடுத்த அதே முறை. அண்டா அலுங்காமல் பந்தலுக்குப் போனது. ராத்திரி முழுக்க நின்று மோர் ஊற்றிவிட்டு, விடிகாலையில் அழகர் வைகையில் இறங்குவதையும் பார்த்துவிட்டுத்தான் வந்து படுத்தேன். எனக்கு 48 வயது.

முதல் நன்றி என் டாக்டரம்மாவுக்கு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.3 என்று ரிப்போர்ட் வந்தபோது, சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நிற்கிறேன் என்று விளக்கியவர் அவர். 6.5 வந்தால் வியாதி என்றே பேர். தினமும் நடக்கிறேனே டாக்டர் என்றேன். நடை நல்லதுதான், ஆனால் சதைக்கு அது போதாது என்றார். சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். முப்பது வயதுக்குப் பிறகு அந்தத் தசை மெல்ல மெல்லக் குறைகிறது. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் பெண்களுக்கு எலும்பும் வேகமாகத் தேய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பளு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இதையெல்லாம் வரிசையில் ஆட்கள் காத்திருக்க, பொறுமையாக எனக்குச் சொல்லி, ஈசிஜி எடுத்து, பிரஷர் பார்த்து, 'போங்க, பயப்படாதீங்க' என்று அனுப்பினார். இப்போது அந்த 6.3, 5.7க்கு இறங்கியிருக்கிறது. அதற்காக எல்லையைத் தாண்டி வந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

பிசியோதெரபி பார்த்த தங்கைக்கும் நன்றி. தோள் முழுதாக இளகும்வரை தலைக்கு மேல் எடை தூக்கவே கூடாது என்று கறாராகச் சொல்லி, துண்டை வைத்துச் செய்யும் பயிற்சியைத் தினமும் செய்தேனா என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மாஸ்டர் தம்பி, உங்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு ஜிம்மில் கேட்டபோது, இந்த வயதில் டிரெட்மில் போதும் என்று ஓரமாக நிறுத்திவிட்டார்கள். நீங்கள் என் வயதைக் கேட்டீர்கள், மருந்து மாத்திரை என்ன என்று கேட்டீர்கள், பிறகு வரிசையில் நிற்கச் சொன்னீர்கள். ஸ்குவாட் என்றதும் நான் விழித்தபோது, 'நம்ம ஊர் பஸ்கிதான்க்கா' என்று சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்து எழவைத்தீர்கள். பல வாரம் கழித்துத்தான் பெஞ்சை எடுத்தீர்கள். தபாட்டா நாள் வந்தால் எல்லோருக்கும் கிலிதான். 20 விநாடி விடாமல் செய்து 10 விநாடி ஓய்வு, அப்படி எட்டு ரவுண்டு, மொத்தம் நாலே நிமிஷம். ஜப்பானில் இசுமி தபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த முறை அது என்றும், அது இளைஞர்களை சைக்கிளில் உச்ச வேகத்தில் மிதிக்கவைத்துச் செய்த சோதனை, நாம் அந்த வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொன்னீர்கள். ஓட்டத்தின் நடுவில் பக்கத்தில் வந்து, 'அக்கா, வீட்ல இன்னைக்கு என்ன டிபன்?' என்பீர்கள். நான் இட்லி, சட்னி, சாம்பார் என்று முழுதாகச் சொன்னால் இன்னும் கொஞ்சம் வேகம். 'இட்லி' என்று ஒரு சொல் வந்தால் சரியான வேகம். வாயே திறக்கவில்லை என்றால் உடனே நிறுத்தி நடக்கவிடுவீர்கள். எந்தக் கருவியும் இல்லாமல் எங்கள் நெஞ்சு எவ்வளவு தாங்குகிறது என்பதை இப்படிப் பார்த்துக்கொண்டதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

கூட்டத்து ஆட்களே, தனியாக என்றால் இரண்டாம் வாரமே நான் நின்றிருப்பேன். உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலித்த அந்த நாட்களில் 'கிளம்பிட்டீங்களா?' என்று போன் வரும். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் தண்ணீர் பாட்டிலைத் தொடுவதில்லை என்பது யாரோ எப்போதோ ஏற்படுத்திய வழக்கம். கடைசி ஆள் பெரும்பாலும் நானாகத்தான் இருந்தேன். ஓய்வுபெற்ற டீச்சரம்மா என் பக்கத்தில் வந்து நின்று, 'இன்னும் மூணு, இன்னும் ரெண்டு' என்று வகுப்பில் எண்ணுவதுபோல் உரக்க எண்ணுவார். அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது அதிகம். அந்தக் குரலுக்காகவே எழுந்து வந்த காலைகள் பல. பயிற்சி முடிந்து கம்பங்கூழ்த் தள்ளுவண்டியைச் சுற்றி நின்று பேசும் பேச்சில், தூக்கம் வராத ராத்திரி, திடீரென்று உடம்பு கொதிக்கும் சூடு, காரணமில்லாத எரிச்சல் எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் சொல்ல முடிந்தது. வீட்டில்கூட அதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. கூழுக்கார அக்காவும் அந்தப் பேச்சில் ஓர் ஆள்தான். மோர்மிளகாயை எப்போதும் கூடவே வைப்பார்.

வீட்டுக்காரரைச் சொல்லாமல் விட்டால் பாவம். காலை டிபன் இப்போது அவர் பொறுப்பு. அவர் ஊற்றும் தோசைக்கு மகள் பழகிவிட்டாள், நானும்தான். அத்தைதான் எல்லோரையும்விட என்னை ஆச்சரியப்படுத்தியவர்கள். நைட்டியில்கூட வாசலுக்கு வரக் கூடாது என்று என்னை வைத்திருந்தவர்கள், டிராக் பேண்ட்டை முதல் நாள் பார்த்து ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து கருப்பட்டி போடாத காபி வைத்திருந்தார்கள். இன்றுவரை அது நின்றதில்லை. தண்ணீர் கேனை மாடிக்கு நான் தூக்கிப்போகும்போது, 'பாத்து, பாத்து' என்று பின்னாலேயே வருவார்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கையை ஊன்றாமல் நான் எழுவதைப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியதும் அவர்கள்தான். இப்போது அத்தையும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பஸ்கி போடுகிறார்கள்.

வரும் ஞாயிறு அழகர்மலையில் நூபுர கங்கைவரை நடப்பது என்று பேசியிருக்கிறோம். அடிவாரத்தில் ஐந்தரைக்கு நிற்போம். அத்தையும் வருகிறார்கள். அவர்களைப் பழமுதிர்சோலைக்கு பஸ்ஸில் அழைத்து வரும் பொறுப்பை டீச்சரம்மா ஏற்றிருக்கிறார். அதற்கும் சேர்த்து நன்றி.

அன்புடன்,
இரண்டாம் வரிசை தல்லாகுளத்து அக்கா