கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை: முன்மண்டபமும் ரயிலடிக் கல்வெட்டும்

தலைக்கட்டு வரி செலுத்திய குடும்பத்தாருக்கும் நன்கொடையாளர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

பாலாலயத்துடன் தொடங்கிய திருப்பணி அம்மன் அருளால் நிறைவுற்று, கும்பாபிஷேகமும் மண்டல பூஜையும் நடந்தேறின. விமானத்தின் சுதை வேலை புதுப்பிக்கப்பட்டது. அஷ்டபந்தன மருந்து சாத்தப்பட்டது. மடப்பள்ளிக்கு ஓடு மாற்றப்பட்டது. முன்மண்டபத்தை மட்டும் முழுதாக இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று. உப்புக்காற்று புகுந்து கம்பி துருவேறி, கான்கிரீட் பிளந்துகிடந்தது. கம்பி இல்லாத கருங்கல் தூண்களே இந்தக் கரைக்குத் தாங்கும் என்ற ஸ்தபதியின் யோசனையை ஏற்றோம். செலவு கூடியது உண்மைதான்.

ஆனால் குழுவிடம் அதிகம் கேட்கப்பட்டது செலவைப் பற்றியல்ல, "அம்மன் கோயிலில் ரயிலடிக்கு என்ன வேலை?" என்பதுதான். தனுஷ்கோடி ரயில் நிலைய வரலாற்றை மண்டபச் சுவரில் பொறித்தது வீண் என்று சிலர் இன்னமும் முணுமுணுக்கிறார்கள். தனுஷ்கோடியை அழித்த 1964 புயலுக்குப் பின் இங்கு வந்து, கீற்றுக் கொட்டகையில் அம்மனை வைத்தவர்கள் யார்? அங்கே மூட்டை சுமந்தவர்கள், தண்டவாளம் காத்தவர்கள், ரயிலடி வாசலில் இட்லி விற்றவர்கள், பிடித்த மீனை ரயிலேற்றியவர்கள். அந்த ரயிலடி இல்லாமல் நம் ஊர்க்கதையை எங்கிருந்து தொடங்குவது?

கல்வெட்டின் சாரம் வருமாறு. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். பாலம் வந்தபின் எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம்: தனுஷ்கோடி வரை போட் மெயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீராவிக் கப்பல், அக்கரையில் மீண்டும் ரயில். பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்து ஒன்று ராமேசுவரத்துக்கும் மற்றொன்று தனுஷ்கோடிக்கும் சென்றது. சேதுவில் நீராட வந்தவர்களும், மண்டபம் என்ற ஊரின் முகாமில் நோய்ப் பரிசோதனை முடித்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களும் இந்த வழியே சென்றார்கள். ரயிலடியைச் சுற்றிச் சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, பள்ளி எல்லாம் எழுந்தன. இரண்டாம் உலகப் போரின்போது ராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போகவே, தனுஷ்கோடிப் பாதையில் பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து எறிந்தார்கள். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்துத் தம் முதல் கூலியைப் பெற்ற சிறுவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். பிள்ளைகள் இந்த வரியைத்தான் முதலில் தேடிப் படிக்கிறார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்குகையில் பேரலையில் மூழ்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கல்லில் சரியான எண்ணிக்கை வேண்டும் என்று வாதம் எழுந்தது. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. கணக்கில் வராதவர்களை விட்டு ஓர் எண்ணைக் கல்லில் வெட்ட வேண்டாம் என்று குழு முடிவெடுத்தது. இதில் மறுபரிசீலனை இல்லை.

புயலில் சேதமடைந்த பாம்பன் பாலம் ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் சீராயிற்று. தனுஷ்கோடிப் பாதையை மட்டும் மீண்டும் போடவில்லை. கப்பல் ராமேசுவரத்திலிருந்து 1980-கள் வரை ஓடியது.

பழைய ரயிலடிச் சுவரிலிருந்து சில கற்களைக் கொண்டுவந்து பீடத்தில் பதிக்கலாம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. அங்குள்ள பழைய கட்டடங்கள் பவளப்பாறைக் கல்லால் ஆனவை. பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், எஞ்சி நிற்கும் சுவரையும் நாமே பிடுங்கினால் சுற்றுலா வருபவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயேது? கல்வெட்டுக்குப் பயன்பட்டது விலைக்கு வாங்கிய கருங்கல்தான்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கையாகி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. மீதித் தொகை மடப்பள்ளி வடிகாலுக்கு ஒதுக்கப்படுகிறது. வேறு எதற்கும் எடுக்கப்படாது. கல்வெட்டு வேலைக்காகப் பழைய படங்களும் ரயில்வே அடையாள அட்டைகளும் கொடுத்த குடும்பத்தார், ரசீதைக் காட்டி வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பின் பொருளாளரிடம் பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்