ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவளின் அம்மாவுக்கு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம், இந்த வருடம் என்னை மறுபடியும் ஒன்றாம் வகுப்புக்கே மாற்றிவிட்டார்கள். நாலாம் வகுப்பில் பின்னமும் வகுத்தலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன், இனி மூக்கைத் துடைத்துவிட்டு ஷூ லேஸ் கட்டிவிடும் உத்தியோகம். என் முட்டியைக் கேட்டால் வேறு கதை சொல்லும், எனக்கு என்னவோ சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பெரியவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். வீட்டில் இப்போது நானும் அவரும் டிவி ரிமோட்டும்தான்.

சரி, உன் சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் முழுக்க ஒரே கவலை: இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை, 3ஐத் திருப்பிப் போடுகிறாள், எதிர்வீட்டுப் பிள்ளை அதற்குள் பத்தி பத்தியாக வாசிக்கிறான். எழுத்தையும் எண்ணையும் திருப்பிப் போடுவது இந்த வயதில் சர்வ சாதாரணம், ஏழு வயதுவரை நாங்கள் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. இன்னொன்று, ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட 12 மாதம் வித்தியாசம் இருக்கும். ஆறு வயதில் அது வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு, எதிர்வீட்டோடு எப்படி ஒப்பிடுவாய்? பின்லாந்தில் பிள்ளைக்கு 7 வயது ஆகிற வருடம்தான் ஒன்றாம் வகுப்பே, இங்கிலாந்தில் 5 வயதில். இரண்டு இடத்திலும் பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொள்ளத்தான் செய்கிறார்கள். எழுத்துச் சொல்லிக்கொடுக்க என்னை மாதிரி டீச்சர்கள் இருக்கிறோம், அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

எங்களால் செய்ய முடியாததைச் சொல்கிறேன், அதை நீ பார்த்துக்கொள். போன முறை ஒன்றாம் வகுப்பு எடுத்தபோது ஒரு பையன், படு சுட்டி, நூறுவரை தடங்கல் இல்லாமல் எண்ணுவான். முதல் நாள் சாயங்காலம் அவன் தண்ணீர் பாட்டில் காலையில் வந்த மாதிரியே நிறைந்திருந்தது. அழுத்தித் திருகுகிற மூடி, அவன் கைக்குத் திறக்கவில்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை, நாள் முழுக்கத் தாகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். வகுப்பில் அத்தனை பேர் இருக்கும்போது வாயைத் திறக்காத பிள்ளை என் கண்ணில் கடைசியாகத்தான் படும். அதனால் உன் மகளுக்கு இந்த ஒரு வாக்கியம் நன்றாகப் பழகியிருக்க வேண்டும்: "மிஸ், எனக்கு இது வரல, கொஞ்சம் பண்ணிக் குடுங்க." அதோடு "டாய்லெட் போகணும்" என்பதும். கூச்சத்தால் அடக்கி அடக்கி வைத்துக்கொண்டு கடைசியில் உடையை நனைத்துக்கொள்கிற பிள்ளைகள் வருடா வருடம் உண்டு, மலத்தையும் அடக்கி மலச்சிக்கலில் வந்து நிற்பார்கள். பள்ளிக்குப் போட்டுப் போகிற அதே உடையை வீட்டில் போட்டுவிட்டு, கொக்கி, ஜிப் எல்லாம் அவளே போட்டுக் கழற்றட்டும். சாப்பாட்டு டப்பாவும் அப்படித்தான், நீ பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

இடது கை விஷயம். அத்தை மாற்றப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடு, பத்தில் ஒருவர் அப்படித்தான் பிறக்கிறார்கள், மாற்றப் போனால் பிள்ளைக்குக் குழப்பம்தான் மிச்சம். தாளின் தலைப்பக்கம் கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும், பென்சிலை முனையை விட்டுச் சற்று மேலே பிடிக்கட்டும், அப்போதுதான் எழுதியது கைக்கு அடியில் மறையாது. டீச்சரிடம் சொல்லி பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வை, இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு தினமும் சண்டை. கை வலிக்கிறது என்று அவள் சொன்னால் சாக்கு என்று நினைக்காதே, மணிக்கட்டின் சின்ன எலும்புகள் இந்த வயதில் முழுதாக உருவாகி முடிந்திருக்காது. நோட்டு நோட்டாக எழுத வைப்பதைவிடக் களிமண் பிசைவதும் துணிக் கிளிப்பை அழுத்தி மாட்டுவதும் விரலுக்கு நல்லது. கிரேயானை ஒடித்துச் சின்னத் துண்டாகக் கொடு, விரல் தானாகச் சரியான பிடிக்கு வரும்.

பள்ளி திறப்பதற்கு முன் கண்ணையும் காதையும் ஒரு தடவை பார்த்துவிடு. மங்கலாகத் தெரிகிற பிள்ளை எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்றே நினைத்துக்கொள்ளும், தானாக வந்து சொல்லாது. தூக்கம், இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். பதினொரு மணிவரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள் என்கிறாய், முதல் நாளுக்கு முந்தின ராத்திரி எட்டரைக்குப் படு என்றால் படுப்பாளா? இப்போதே நாளுக்கு ஒரு கால் மணி நேரமாக முன்னால் கொண்டு வா. காலையில் எழுப்புவதை முதலில் சரி செய், ராத்திரி தன்னால் வழிக்கு வரும்.

இனி வாசலில் நடக்கிற கூத்து. அழுவாள், அழட்டும். நான் பார்த்தவரையில் அம்மா தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள், ஜன்னல் வழியாக அம்மா எட்டிப் பார்த்தால் கச்சேரி மறுபடி முதலிலிருந்து. அவள் அசந்த நேரம் பார்த்து நழுவிப் போகாதே, அப்புறம் உன்னை எங்குமே நம்ப மாட்டாள். "இதோ அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்" என்று பொய்யும் வேண்டாம். கடைசி மணி அடித்ததும் இந்தக் கேட்டில் நிற்பேன் என்று சொல், சொன்ன மாதிரி நில். ஒரு முத்தம், ஒரு டாட்டா, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டு. உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், உன் கல்யாணத்தில் நீ அழுததை மண்டபமே பார்த்தது. முதல் வாரம் உன் வீட்டுக்காரர் கொண்டுபோய் விடட்டும், தப்பே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. முதல் வாரம் சிரித்துக்கொண்டே வருகிற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் "நாளைக்குமா போகணும்?" என்று அவர்களுக்கு உறைக்கும், அப்போது ஆரம்பிப்பார்கள். நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தாள், யாரோ அடித்திருப்பார்களோ என்று பதறிப் போவாய், பொறு. திங்கட்கிழமைகளிலும் லீவு முடிந்து வருகிற நாளிலும் திரும்பத் திரும்ப வரும்.

சாயங்காலம்தான் உனக்குப் பரீட்சை. டீச்சர் "தங்கமான பிள்ளை" என்பார், வீட்டு வாசல்படி ஏறியதும் தங்கம் செருப்பை உதறிவிட்டுக் கத்தும், ஒன்றுமில்லாததற்கு அழும். நாள் முழுக்க வரிசையில் நின்று, வாயை மூடி, முறை வரக் காத்திருந்து, எல்லாவற்றையும் அடக்கி வைத்தது உன்னைப் பார்த்ததும் கொட்டுகிறது. பயமில்லாத இடத்தில்தான் அப்படிக் கொட்ட முடியும், பிள்ளை கெட்டுப்போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. சாப்பிடக் கொடு, சும்மா விடு. அந்தச் சமயத்தில் போய் "இன்னைக்கு என்ன படிச்ச?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். ராத்திரி படுக்கையில், "பக்கத்துல யார் உட்கார்ந்தா, யார் நிறையப் பேசினா" என்று இழுத்துப் பார், நீ நிறுத்தச் சொல்கிறவரை பேசுவாள். பாட்டு வகுப்பு, கராத்தே எல்லாம் கொஞ்ச மாதம் தள்ளிப் போடு என்பதுதான் என் அபிப்பிராயம். உன் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சேர், ஆனால் சத்தத்தை நிறுத்தி வை. யார் எத்தனை பக்கம் எழுதினார்கள் என்று ராத்திரி பத்து மணிக்கு அங்கே நடக்கிற ஏலம் உனக்கு வேண்டாம். டீச்சர்மேல் குறை இருந்தால் நேரில் போய்க் கேள், மகள் காதில் விழப் பேசாதே, அப்புறம் அந்த டீச்சர் சொல்வது எதுவும் அவளிடம் எடுபடாது. வீட்டில் ஏதாவது மாற்றம் என்றால், யாருக்காவது உடம்பு சரியில்லை, வீடு மாறுகிறோம் என்றால், டீச்சரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவை. எங்களுக்கு அது பெரிய உதவி.

ஒரு மாதம் தாண்டியும் தினமும் அழுகை, பள்ளி நாளில் மட்டும் வயிற்று வலி, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, இதெல்லாம் இருந்தால் மட்டும் சும்மா இருக்காதே. டீச்சரைப் பார், தேவைப்பட்டால் டாக்டரையும் பார்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் எப்படி முடிந்தது, எழுதவே இல்லையே. அவர் ரிப்போர்ட்டைக் காட்டப் போகும்போது அவள் கண்ணையும் காட்டக் கூட்டிக்கொண்டு போய்விடு, ஒரே அலைச்சலில் முடியும். பள்ளி திறக்கிற அன்று பகலில் எனக்குப் போன் பண்ணாதே, இங்கேயும் அன்றைக்குத்தான் திறக்கிறார்கள், என் காலைச் சுற்றி ஒரு வகுப்பே அழுதுகொண்டிருக்கும். ராத்திரி அவள் தூங்கினதும் கூப்பிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி