கோடாரி கேட்டால் ஏன் ஊர் கேட்கிறோம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், நம் முகாம் சாமான் கடையில் நல்ல கூட்டம். தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பனுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆன கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், சுவரில் தொங்கிய பெரிய கோடாரியைக் காட்டி விலை கேட்டார். நான் விலை சொல்லாமல், "எங்கே போறீங்க? எந்த மாசம்?" என்று கேட்டேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "காசு கொடுக்கிறவன்கிட்ட எதுக்கு சார் விசாரணை?" என்று சொல்லிவிட்டு, கையில் எடுத்து வைத்திருந்த டார்ச்சையும் மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். "தூரமா?" என்று சுற்றி வளைத்துத்தான் கேட்போம். அப்படி இருந்தும் இந்தக் கடையில் கோடாரியோ கத்தியோ அடுப்போ எது கேட்டாலும் முதலில் ஊரும் மாதமும் கேட்கிறோம். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்த மடல். வழக்கமாகப் போகும் ஆங்கில மடலில் இதை எழுதினால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிரிப்பார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்து, பனிக்காட்டில் ஒருவர் தனியாளாக மரம் வெட்டிக் குடில் கட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வருகிறவர்களுக்காகவே இது தமிழில். நானும் திருநெல்வேலியிலிருந்து வந்து, மாமனாரின் தூண்டில் கடையில் உட்கார்ந்தவன்தான். கோடாரி ஆசை எனக்கும் இருந்தது.

முதலில் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர். நம்மில் பலர் போவது அங்கேதான், காரில் மூன்று மணி நேர ஓட்டம். அங்கே கோடாரிக்கு வேலையே இல்லை. மலைமேல் காட்டுப் பகுதியில் திறந்த நெருப்பு மூட்டத் தடை. குகைக்குள் தங்கினாலும் அதே சட்டம். 2000-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட மலை அது. பாறைச் சுவர்களில் இந்த மண்ணின் பழங்குடியான சான் மக்கள் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. ஓவியம் உள்ள குகையில் படுக்கவே கூடாது. மற்றக் குகைகளுக்கு முன்பதிவு வேண்டும். ஏறும் முன் மலைப் பதிவேட்டில் பெயர், போகும் வழி, திரும்பும் நாள் எல்லாம் எழுத வேண்டும். அங்கேயும் கேள்வி 'எங்கே, எப்போது' என்பதுதான், அவர்களிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை!

ஆக, அந்த மலைக்கு கேஸ் அடுப்புதான். இதிலும் மாதம் பார்க்க வேண்டும். ஒரு ஜூன் மாதம் நானும் என் மச்சானும் மேலே போய்க் குகையில் தங்கினோம். விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. காபி போடலாம் என்று அடுப்பைத் திருப்பினால் ஒரு 'ஸ்ஸ்' சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. சிலிண்டரை ஆட்டிப் பார்த்தால் உள்ளே திரவம் தளதளக்கிறது. கேஸ் இருக்கிறது, வெளியே வரவில்லை. மலிவான சிலிண்டர்களில் இருப்பது வெறும் பியூட்டேன். சுழியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே போனால் அது ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் கலந்த சிலிண்டர் என்றால் கடுங்குளிரிலும் எரியும், ஏனென்றால் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும். அன்று காய்ந்த அவலை மென்று பச்சைத் தண்ணீர் குடித்தோம். அந்தச் சிலிண்டரை எனக்கு விற்றவர் யார் என்று மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தார். நம் கடைதான், வேறு யார்? இப்போது மே முதல் செப்டம்பர் வரை மலைக்குப் போகிறேன் என்கிறவருக்கு வெறும் பியூட்டேன் விற்பதில்லை. கையில் வேறு சிலிண்டர் இல்லாவிட்டால், இரவில் அதைத் துணியில் சுற்றிப் படுக்கைப் பைக்குள் கூடவே போட்டுக்கொண்டு தூங்குங்கள். காலையில் எரியும்.

சமையல் சாமானிலும் உயரம் விளையாடும். 3000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், ஆனால் துவரம்பருப்பு வேகாது. இங்கே கிடைக்கும் சுகர் பீன்ஸ் பயறு பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு சிலிண்டர் முழுக்கத் தீர்த்துவிட்டு, கல் போன்ற பருப்போடு ரசம் குடித்த குடும்பத்தை எனக்குத் தெரியும். மசூர் பருப்பு, அவல், ரவை, வறுத்து அரைத்த புளிக்காய்ச்சல், இவை போதும்.

வடக்கே சூலுலாந்துப் பக்கம் போனால் கதை வேறு. தாழ்ந்த முள்காடு, முகாம்களில் நெருப்புக்கென்றே இடம் கட்டி வைத்திருப்பார்கள். ஆனால் வனவிலங்குக் காப்பகத்துக்குள் விறகு பொறுக்கக் கூடாது, கட்டு விறகு வாங்கித்தான் எரிக்க வேண்டும். தெரிந்தவர் பண்ணையில் தங்குகிறீர்கள், அவரே பொறுக்கிக்கொள்ளச் சொன்னார் என்றால், டம்பூட்டி மரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சூலு மொழியில் உம்தொம்போத்தி. கறுத்த பட்டை, முதலைத் தோல்போலச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்திருக்கும். கிளையை ஒடித்தால் பால் வடியும். சிதம்பரத்துத் தில்லை மரம் கேள்விப்பட்டிருப்பீர்களே, பால் பட்டால் கண் போகும் என்பார்கள், அதற்கு நெருங்கிய சொந்தம் இது. இரண்டும் ஆமணக்குக் குடும்பம். சிக்கல் என்னவென்றால், டம்பூட்டிக் கட்டை அருமையாக மணக்கும். நம் மூக்குக்குச் சந்தனம் மாதிரி இருக்கும், எடுத்து அடுப்பில் வைக்கத் தோன்றும். அந்தப் புகையில் சுட்ட இறைச்சியைச் சாப்பிட்டால் வாந்தியும் பேதியும் நிச்சயம். அரளிக் குச்சியும் அப்படியே, கறி குத்திச் சுட அதை ஒடிக்காதீர்கள். டர்பன் தோட்டங்களில் அரளிக்குப் பஞ்சமில்லை என்பதால் சொல்கிறேன்.

எது நல்ல விறகு என்றால், இங்கே சிக்கிள் புஷ் என்று விற்பதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வேறு ஒன்றும் இல்லை, நம் தென்மாவட்டத்து விடத்தேரைதான் அது. அதே முள், பாதி ஊதாவும் பாதி மஞ்சளுமாகத் தொங்கும் அதே பூ. முதல்முறை அதைப் பார்த்தபோது, எங்கள் ஊர்க் கரிசல் ஓரத்தில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு. மெதுவாக எரிந்து, நின்று கனலும் தணல். மூன்று கால் இரும்புச் சட்டியில் ஆட்டுக்கறி வைக்க இதைவிட நல்ல விறகு நான் பார்க்கவில்லை.

இப்போது மாதத்துக்கு வருவோம், ஏனென்றால் ஆகஸ்ட் 9 தென்னாப்பிரிக்க மகளிர் தின விடுமுறையை ஒட்டிப் பலர் திட்டம் போட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் ஆகஸ்ட் என்றால் ஆடிக் காற்று. இங்கேயும் காற்று மாதம்தான், ஆனால் மழை இல்லாமல் புல் நரைத்துக் கிடக்கும் மாதம். குளிர் வருவதற்கு முன்பு மலையிலிருந்து சூடாக ஒரு காற்று இறங்கும். ஜூலையில்கூட அன்றைக்கு மட்டும் வியர்க்கும். 'அடடா, நல்ல வெயில்' என்று நெருப்பு மூட்டத் தோன்றும் நாள் அதுதான், மூட்டவே கூடாத நாளும் அதுதான். தீ அபாயத்துக்கு நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் வைத்து அறிவிப்பார்கள். ஆரஞ்சோ சிவப்போ என்றால் பண்ணையாரே சொன்னாலும் மூட்டாதீர்கள். புல்வெளித் தீக்கென்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் நெருப்பு பக்கத்துத் தோட்டத்துக்குப் போனால் வழக்கும் உங்களைத் தேடி வரும்.

சரி, பண்ணையில் அனுமதி இருக்கிறது, காற்றும் இல்லை. அப்போதாவது கோடாரி தருவீர்களா என்றால், அப்போதும் முதலில் மடக்கு ரம்பத்தைத்தான் காட்டுவேன். நம் மாகாணத்துப் பண்ணைகளில் கிடைப்பது பெரும்பாலும் கறுப்பு வாட்டில், தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டு, இப்போது தானாகப் பரவிக் கிடக்கும் மரம். மணிக்கட்டுப் பருமன் கிளையை ரம்பம் ஒரு நிமிடத்தில் அறுக்கும். கோடாரி நழுவினால் முழங்கால் சில்லில் இறங்கும், அங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள். கரும்பு வெட்டும் கத்தி வீட்டில் கிடந்தால் அதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கரும்புக்குச் செய்த கத்தி, காய்ந்த வாட்டிலில் பட்டால் எகிறும்.

கத்தி ஒன்று போதும், உள்ளங்கை நீளத்துக்கு அலகு, கைப்பிடிக்குள் முழுக்க ஓடும் இரும்பு. டர்பன் உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். கார்பன் எஃகு தீட்டினால் நன்றாகக் கூர் ஏறும், ஆனால் எண்ணெய் போடாமல் ஒரு வாரம் வைத்தால் மஞ்சள் பூத்துவிடும். கத்தியை வைத்து முதலில் பழக வேண்டியது சீவல். பெருவிரல் பருமன் காய்ந்த குச்சி. ஒரு முனையைக் கட்டையில் ஊன்றுங்கள். மணிக்கட்டை அசைக்காமல், தோளிலிருந்து கையை இறக்கி, அலகைப் படுத்தவாறு சீவுங்கள். சீவல் சுருண்டு குச்சியோடு ஒட்டி நிற்க வேண்டும், அறுந்து விழக் கூடாது. குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி முப்பது நாற்பது சுருள் ஏற்றினால், கோழி சிலிர்த்து நிற்பதுபோல் இருக்கும். மழையில் நனைந்த குச்சியாக இருந்தாலும் பிளந்து உள்ளே போனால் காய்ந்த மரம் கிடைக்கும், அதில் சீவலாம். ஒரே தீக்குச்சியில் பற்றும்.

பொறி உரசும் கம்பி வாங்குகிறவர்கள், தேய்க்கும் தகட்டை முன்னால் தள்ளுவதால் கைபட்டுக் குவித்ததெல்லாம் சிதறுகிறது. தகட்டை அப்படியே வைத்துக் கம்பியைப் பின்னால் இழுங்கள். பொறி பிடிக்கத் தேங்காய் நார் போதும், உள்ளங்கையில் கசக்கிப் பஞ்சுபோல் ஆக்கிக்கொள்ள வேண்டும். இதற்கென்று தனியாக ஒரு பொருளை நாங்கள் விற்கிறோம், ஆனால் உங்கள் சமையலறையில் அது இலவசம். கூடவே பூஜைச் சாமான் கடையில் கற்பூரம் ஒரு பாக்கெட். ஈரத்தில் அதைவிட நம்பகமானது கிடையாது. இறுக்கமான டப்பாவில் வைக்காவிட்டால் கரைந்து காணாமல் போகும். குழந்தை கைக்கு எட்டக் கூடாது, விழுங்கினால் விஷம். கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்க ஆசை என்றால் வாருங்கள், சொல்லித் தருகிறேன். ஞெலிகோல் என்று பழந்தமிழில் அதற்கு அழகான பேரே இருக்கிறது. ஆனால் பசியோடு இருக்கும் பிள்ளைகள் முன்னால் அதைப் பழகாதீர்கள்.

படுக்கை விஷயத்தில் எல்லாரும் போர்வைக்குச் செலவு செய்கிறார்கள், குளிர் ஏறுவதோ தரையிலிருந்து. வெள்ளித் தாள் போர்வை காற்றைத் தடுக்கும், தரைக் குளிரைத் தடுக்காது. நுரைப் பாய் வாங்குங்கள். கோடையில் கடலோர முகாமுக்குச் சூலுப் பெண்கள் முடையும் இச்சான்சி பாய் எங்கள் வீட்டில் பல வருடமாக ஓடுகிறது. நம் கோரைப் பாய்க்கு உடன்பிறப்பு மாதிரி இருக்கும். சந்தையில் அவர்களிடமே வாங்குங்கள், நம் கடையில் அது இல்லை.

இன்னொன்று, திசை. துருவ நட்சத்திரம் இங்கே தெரியாது. தென்சிலுவை என்கிற திரிசங்கு நட்சத்திரக் கூட்டம் தெரியும், அந்தச் சிலுவையின் நீளவாட்டை நாலரை மடங்கு நீட்டி, அங்கிருந்து நேராகத் தரைக்கு இறக்கினால் தெற்கு. உச்சிவெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும், அதனால் ஊர்ப் பழக்கத்தில் நிழலை வைத்துத் திசை பார்த்தால் நேர் எதிராகப் போவீர்கள். நான் போயிருக்கிறேன்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். உயரத்தில் என்றால் மூன்று நிமிடம் கொதிக்கட்டும். தாழ்வான பகுதியில் ஓடாத தண்ணீரில் காலைக்கூட நனைக்காதீர்கள், நத்தையிலிருந்து வரும் பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே நுழையும். நவம்பர் முதல் மார்ச் வரை மலையில் பிற்பகல் இடி சகஜம், மதியத்துக்குள் மேட்டிலிருந்து இறங்கிவிடுங்கள். பஃப் ஆடர் பாம்பு காலடிச் சத்தத்துக்கு விலகாது, பாதையிலேயே படுத்திருக்கும். விறகை வெளிச்சத்தில் பொறுக்குங்கள். புல்லில் நடந்து வந்தால் இரவில் உடம்பில் உண்ணி தேடுங்கள். கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கும் காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் உண்ணி என்று சொல்ல மறக்க வேண்டாம்.

கடைசியாக, 'சர்வைவல் கிட்' என்ற அந்தச் சிவப்புப் பெட்டி. இருப்பு தீர்ந்ததும் அதை மறுபடி வாங்கி வைக்கப் போவதில்லை. உள்ளே இருக்கும் கம்பி ரம்பம் இரண்டாவது கிளையில் அறுந்தது, பொத்தான் அளவு திசைகாட்டி இரண்டு பெட்டியில் இரண்டு வடக்கைக் காட்டியது. அதில் உருப்படியானது விசில் ஒன்றுதான். நிமிடத்துக்கு ஆறு ஊதல் என்றால் உதவி வேண்டும் என்று அர்த்தம். விசிலைத் தனியாகக் கல்லாப் பக்கம் வைத்திருக்கிறோம். ஏற்கெனவே பெட்டி வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தால் அதே விலைக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளலாம், ரசீது கேட்க மாட்டோம்.

கோயம்புத்தூர்த் தம்பி இதைப் படித்தால், அவர் விட்டுப்போன டார்ச்சை எடுத்து வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணிக்குக் கடைக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் முற்றத்தில் சீவல் சீவுவதும் அடுப்பு மூட்டுவதும் பழக்குகிறோம், கட்டணம் இல்லை. காற்று அடித்தால் நெருப்பு இல்லை, கத்தி மட்டும். விடத்தேரை விறகு நாங்கள் வைத்திருப்போம். தேங்காய் நார் நீங்கள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடையிலிருந்து