மாஸ்டருக்கு: சேபன் கிளம்பிய கதை

பர்மிங்ஹாம், அலபாமா
10-2-2024

அன்புள்ள மாஸ்டர்,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம் கையால் எழுதி, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஆள் இந்தக் காலத்தில் நீ ஒருவன்தான் இருப்பாய். மூன்றாம் பக்கத்தின் மேல் உன் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. அதற்கடியில் இருந்த இரண்டு வரிகளை நானே ஊகித்துக்கொண்டேன், என்னைத் திட்டியிருப்பாய் என்று.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தது போதும், நல்ல எலும்பு டாக்டரைப் பார். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி என்ன அமெரிக்காவா? இங்கே நாங்கள் நலம். பொங்கல் வாரத்தில் பனி விழுந்து சாலைகள் உறைந்து, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வடக்கு மாநிலத்துக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இந்த ஊர் விரற்கடைப் பனிக்கே கதவைச் சாத்திக்கொள்ளும். பால் பொங்கியது வீட்டுக்குள், மின்சார அடுப்பில். பெல்ஹாம் கோவிலுக்குக்கூட அந்த வாரம் போக முடியவில்லை.

‘உங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் சேபன் விலகிவிட்டாராமே, பையன்கள் காசு கேட்க ஆரம்பித்ததும் மனிதர் வெறுத்துப்போய்க் கிளம்பிவிட்டாராமே’ என்று எழுதியிருக்கிறாய். இங்கேயும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது முழுக் கதையாகப் படவில்லை. ஹாக்கி மாஸ்டரான உனக்கு, ஓய்வுக்குப் பிந்தைய மறுநியமனம் முடிகிற நேரத்தில் நீ இதைக் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜனவரி 10, புதன்கிழமை. மாலை நான்கு மணி இருக்கும். அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டிருந்த அம்மையார் கைபேசியைப் பார்த்தார், பேச்சை நிறுத்தினார், ‘சேபன் ஓய்வு பெறுகிறார்’ என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் கூட்டத்தை முடித்துவைக்கவில்லை, அது தானாகவே கலைந்தது. இந்த மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. எல்லா வெறியும் பல்கலைக்கழக அணிகளின் மேல்தான். புதிதாகக் குடிவருகிறவரிடம் கேட்கும் முதல் கேள்வியே ‘அலபாமாவா, ஆபர்னா?’ என்பதுதான். இரண்டும் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நான் அலபாமா பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், எனக்கு முதலில் வீடு வாடகைக்குக் கொடுத்தவர் அந்தக் கட்சி. அணி இருக்கும் டஸ்கலூசா இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். அங்குள்ள மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கைகள். ஊரின் மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

நிக் சேபன் அங்கே 17 சீசன்கள் இருந்தார். ஆறு தேசியப் பட்டங்கள். அதற்கு முன்பு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2003இல் வாங்கியதையும் சேர்த்தால் ஏழு. ஆடுகளத்தில் இந்த 17 சீசனிலும் சேர்த்து அவருடைய அணி தோற்றது 29 ஆட்டங்கள்தான். அவர் வந்த 2007இல் பல்கலைக்கழகத்தில் சுமார் 25 ஆயிரம் மாணவர்கள் இருந்தார்கள், இப்போது 40 ஆயிரத்தை நெருங்குகிறார்கள். பந்தாட்டத்தால் மட்டும் வந்த வளர்ச்சி என்று சொல்லமாட்டேன், ஆனால் பாடத்திட்டத்தைப் பார்த்து மட்டும் வந்த கூட்டமும் அல்ல.

இந்த மனிதரின் இளமைக் கதை உனக்குப் பிடிக்கும். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் அப்பா ஒரு பெட்ரோல் பங்க் வைத்திருந்தார், ஊர்ப் பையன்களுக்கு ஓர் அணியும் நடத்தினார். மகனுக்குப் பதினொரு வயதிலிருந்து அங்கே வேலை. கழுவிய காரில் ஒரு கோடு, ஒரு திட்டு தெரிந்தால் போதும், முழுக் காரையும் மறுபடி கழுவ வேண்டும். கருப்பு, கருநீலக் கார்கள் வந்தாலே வயிற்றைக் கலக்கும் என்று சேபன் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பிறகு கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்து ஆடினார். படிப்பு முடிந்தபோது பயிற்சியாளராகும் எண்ணமே அவருக்கு இல்லை. மனைவி டெர்ரிக்கு இன்னும் ஓராண்டுப் படிப்பு மிச்சம் இருந்தது. அவருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் செய்யலாம் என்று உதவிப் பயிற்சியாளர் வேலையை ஏற்றுக்கொண்டார். 1973இல் அப்பா 46 வயதில் இறந்துபோனார். மகன் எந்த உயரத்துக்குப் போவான் என்பதை அவர் பார்க்கவே இல்லை.

பையன்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்குவதில் அவருடைய முறை, நீ அதிகாலையில் மட்டையைத் தரையோடு வைக்கச்சொல்லி நூறு முறை தள்ளவைப்பாயே, அதே குணம்தான். ஸ்கோர் பலகையைப் பார்க்காதே, இந்த ஒரு நகர்வை ஒழுங்காகச் செய், முடிந்ததும் அடுத்ததைப் பார். 1998இல் மிச்சிகன் ஸ்டேட்டில் இருந்தபோது, நாட்டின் முதல் இடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே 28-24 என்று வீழ்த்தியதும் இப்படித்தான். அந்த வாரம் ஒரு மனநல மருத்துவரின் யோசனைப்படி, வெற்றி என்கிற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

ஆனால் இந்த ஒழுங்குக்காரர் ஒருமுறை நாடறியப் பொய் சொன்னவர். 2006இல் அவர் மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளர். அலபாமாவுக்குப் போகிறாரா என்று நிருபர்கள் துளைத்தெடுத்தார்கள். டிசம்பர் 21ஆம் தேதி, நான் அலபாமாவின் பயிற்சியாளராகப் போவதில்லை என்று திட்டவட்டமாக அறிவித்தார். ஜனவரி 3ஆம் தேதி டஸ்கலூசாவில் விமானத்திலிருந்து இறங்கினார். மயாமிக்காரர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. டஸ்கலூசாவிலோ அந்த ஏப்ரலில் அணி தனக்குள்ளேயே பிரிந்து ஆடிய வெறும் பயிற்சி ஆட்டத்துக்கு 92 ஆயிரம் பேர் வந்து உட்கார்ந்தார்கள். முதல் சீசனில் லூசியானா மன்ரோ என்ற சின்ன அணியிடம் சொந்த மைதானத்தில் தோற்றதைப் பிறகு யாரும் பேசுவதே இல்லை. மூன்றாவது சீசனில் ஓர் ஆட்டமும் தோற்காமல் பட்டம் வாங்கிவிட்டாரே.

இந்தப் பொய்யை எதற்கு இழுக்கிறேன் என்றால், அவர் விலகியதற்கு அடுத்த நாள் கொடுத்த விளக்கத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடந்த சீசன் தன்னை மிகவும் களைப்பாக்கிவிட்டது என்றார். நோய் ஒன்றும் இல்லை, முன்போல உழைக்க முடியவில்லை, அவ்வளவுதான். 72 வயது. ஆனால் அவர் அழுத்திச் சொன்னது வேறொன்று. சேரவரும் பையன்களும் வேலைக்கு வரும் உதவிப் பயிற்சியாளர்களும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ‘இன்னும் எத்தனை வருடம் இருப்பீர்கள்?’ மூன்று, நான்கு, ஐந்து வருடம் என்று உறுதி எதிர்பார்க்கிறார்கள். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்வது நாளுக்கு நாள் கடினமாகிவிட்டது என்றார். விலகிய அன்றுகூட அவர் காலியான உதவிப் பயிற்சியாளர் இடத்துக்கு ஆட்களை நேர்காணல் செய்துகொண்டிருந்தார் என்பதை யோசித்துப் பார். எதிரே உட்கார்ந்து உறுதி கேட்கிறான் ஒருவன். ‘இருப்பேன்’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆண்டு போவது அவருக்கு மிகச் சுலபம். 2006இல் அதைத்தான் செய்தார். இந்த முறை செய்யவில்லை. எனக்கு அவருடைய பட்டங்களைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

தோல்வி விரட்டியது என்றும் சொல்ல முடியாது. செப்டம்பரில் டெக்சாஸிடம் சொந்த மண்ணில் அடி வாங்கியபோது, சேபன் காலம் முடிந்தது என்று எழுதாத பத்திரிகை இல்லை. டிசம்பரில் அதே அணியை வைத்துக்கொண்டு, 29 ஆட்டங்களாகத் தோற்காத ஜார்ஜியாவை 27-24 என்று கவிழ்த்தார். ஜார்ஜியாவின் பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட் இவரிடமே வேலை பழகியவர். புத்தாண்டு அன்று கலிஃபோர்னியாவில் மிச்சிகனோடு அரையிறுதி. கூடுதல் நேரம் வரை போய், மூன்று கெஜம் மிச்சமிருக்க, கடைசியான நான்காவது முயற்சியில் எங்கள் ஆட்டக்காரன் ஜேலன் மில்ரோ பந்தோடு நடுவே புகுந்து அங்கேயே மாட்டிக்கொண்டான். 27-20 என்று தோற்றோம். அதுதான் சேபனின் கடைசி ஆட்டம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நானும் வழக்கம்போல அந்த நகர்வைத் தேர்ந்தெடுத்தவரைத் திட்டிவிட்டுத் தூங்கப் போனேன்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். ஓராண்டு சும்மா உட்காராமல் வேறு கல்லூரிக்கு மாறியும் ஆடலாம். சேபனுக்கு இது பிடிக்கவில்லை என்பது உண்மை. 2022இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் வீரர்களை விலைக்கு வாங்கிவிட்டதாக மேடையிலேயே சொல்லி, அங்கே பயிற்சியாளராக இருந்த தன் பழைய உதவியாளர் ஜிம்போ ஃபிஷரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் விலகலுக்கு அதைக் காரணமாக்காதீர்கள் என்று அவரே சொல்லிவிட்டார். நீ எழுதியிருக்கிற ‘பையன்களின் பேராசை’ என்பதை நான் ஏற்கமாட்டேன், மாஸ்டர். அவருக்கு ஆண்டுச் சம்பளம் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல். ஒரு லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வந்து பார்ப்பது முட்டியும் தோளும் உடைத்துக்கொள்கிற பையன்களை. நேற்றுவரை அவர்களுக்குக் கிடைத்தது படிப்புச் செலவும் சாப்பாடும்தான். 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக வீரர்கள் பக்கம் தீர்ப்பெழுதினார்கள். ஹாக்கி ஆடிய உன் பையன்களுக்கு ரயில்வேயிலும் போலீஸிலும் வேலை வாங்கித்தர நீ எத்தனை படி ஏறி இறங்கியிருக்கிறாய்? திறமைக்குக் கூலி கேட்டால் அது எப்படிப் பேராசையாகும்?

இந்த ஊர்ப் பெரியவர்கள் பயந்தது காசைப் பற்றியல்ல. பால் பிரையன்ட் என்று ஒருவர் சேபனுக்கு முன்பு இங்கே தெய்வம். இளமையில் கரடியோடு மல்லுக்கட்டியதால் ‘கரடி’ பிரையன்ட். ஆறு பட்டங்கள் வாங்கியவர். மைதானத்தின் பெயரில் பாதி அவருடையது. பயிற்சியாளர் வேலையை விட்டால் சீக்கிரமே செத்துப்போவேன் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருப்பாராம். 1982 டிசம்பர் 29ஆம் தேதி மெம்பிஸில் கடைசி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். ஜனவரி 26ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். 28 நாள். வயது 69. டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் வரை நெடுஞ்சாலையின் இருபுறமும், பாலங்களின் மேலும் ஜனங்கள் நின்று சவ ஊர்வலத்தை வழியனுப்பினார்கள். சிறுவனாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர் ஒருவர் என் அலுவலகத்தில் இருக்கிறார். சேபன் செய்தி வந்த அன்று அவர் பட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. ‘அவருக்கு உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?’ என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வாரம் அறிவிப்பு வந்துவிட்டது, தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறார். மைதானத்தில் அவருக்கு ஓர் அறையும் உண்டு. வாசலில் 2011இலிருந்தே வெண்கலச் சிலை நிற்கிறது. பாவம், புதிதாக வந்திருக்கும் கேலன் டிபோர் தினமும் அந்தச் சிலையைக் கடந்து வேலைக்குப் போக வேண்டும்! வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை இறுதி ஆட்டம் வரை கொண்டுவந்து, அதே மிச்சிகனிடம் தோற்று, அந்த வாரம் முடிவதற்குள் இங்கே வந்துவிட்டார். தெற்கத்திய ஆட்களோடு பழக்கம் இல்லாதவர். முதல் ஆட்டம் தோற்கட்டும், அப்போது தெரியும் இந்த ஊரின் விருந்தோம்பல்.

பயிற்சியாளர் போனதால் அணி வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாற முப்பது நாள் அவகாசம் கிடைத்தது. அது இந்த வாரத்தோடு முடிந்தது. முதலாண்டிலேயே அணியின் தூணாக இருந்த கேலப் டவுன்ஸ் ஒஹையோவுக்குப் போய்விட்டான், இன்னும் சிலரும் போனார்கள். துரோகம் என்று வானொலியில் கூச்சல். சேபனை நம்பி வந்தவர்கள், சேபன் இல்லை, போகிறார்கள். இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

இனி உன் விஷயம். ஏப்ரலோடு மறுநியமனம் முடிகிறது, அதற்குப் பிறகும் மதிப்பூதியத்தில் அணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். முட்டி வலியை வைத்து முடிவெடுக்காதே, அதற்கு வைத்தியம் இருக்கிறது. சம்பளத்தை வைத்தும் எடுக்கமாட்டாய், எனக்குத் தெரியும். ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்க்க வருகிற அப்பா ஒருவர், ‘சார், இவன் பன்னிரண்டு முடிக்கிறவரை நீங்கள் இருப்பீர்களா?’ என்று கேட்பார். கோவில்பட்டியில் கேட்காமல் இருக்கமாட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வாய் என்று யோசித்துவிட்டு எனக்கு எழுது. ‘இரண்டு வருடம் இருப்பேன், அதற்குள் என்னிடம் பழகிய ஒருவனைத் தயார் செய்துவிடுவேன்’ என்று சொல்ல முடிந்தால் தாராளமாக இரு. அதுவும் ஒரு நேர்மையான பதில்தான். ரயில்வேயில் இருக்கிறானே உன் பழைய கோல்கீப்பர், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மைதானத்துக்கு வருகிறான் என்று எழுதியிருந்தாயே, அவனிடம் கேட்டுப் பார்த்தாயா?

ஜூலையில் வருகிறோம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, விலை குறையும் என்று என் மனைவி காத்திருக்கிறாள். இங்கே இந்தியக் கடையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்று எழுதி ஏதோ விற்கிறார்கள், வாயில் வைக்க முடியவில்லை. எங்களுக்கு இரண்டு கிலோ நல்லதாக வாங்கி வை. உனக்கு அலபாமா தொப்பி ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். தங்கச்சியிடம் எங்கள் அன்பைச் சொல். அடுத்த கடிதத்தில் கட்டைவிரலைத் தள்ளி வைத்துப் படம் எடு.

உன் பழைய நண்பன்