மாத்திரையை விடச் சொல்லும் மேடைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் பழைய தேவாலயங்கள் விலைக்கு வருகின்றன என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. எங்கள் தெருவில் இரண்டு பேர் அதைச் சந்தோஷமாகப் படித்தார்கள், எங்கள் சபையில் சிலர் துக்கச் செய்தி மாதிரி படித்தார்கள். எனக்கு அதைப் படித்ததும் என் சின்னம்மாவின் கால்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சின்னம்மா குடியாத்தத்தில் இருக்கிறார். இருபது வருடமாகச் சர்க்கரை, முதலில் மாத்திரை, அப்புறம் இன்சுலின் என்று ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு மைதானத்தில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்திருந்தார். அவர் இங்கிலீஷில் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் நின்றவர் அதைவிடச் சத்தமாகத் தமிழில் சொல்ல, கடைசி நாள் ராத்திரி, விசுவாசம் இருக்கிற வீட்டில் மருந்து டப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்களாம். சின்னம்மா வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலினை எடுத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அவிசுவாசம் ஆகிவிடும் என்று பயம். ஐந்தாவது வாரம் செருப்புக் கடித்த ஒரு புண், அது கறுத்து, காய்ச்சல் கண்டு, நாங்கள் காரில் போட்டு வேலூருக்குக் கொண்டுபோனபோது வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தால்தான் பிழைப்பார் என்று சொல்லிவிட்டார்கள். மேடை போட்ட உள்ளூர்க்காரர்களைப் போய்க் கேட்டோம். அக்காவுக்கு விசுவாசம் போதவில்லை என்றார்கள். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

விரலை எடுத்து உயிரைக் காப்பாற்றியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, அதாவது சி.எம்.சி. அதை ஆரம்பித்ததும் ஓர் அமெரிக்க மிஷனரிதான், அதுவும் எங்கள் ராணிப்பேட்டையில் 1870ல் பிறந்த ஐடா ஸ்கடர். நான் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவள், என் தாத்தா ஆற்காடு மிஷன் பள்ளியில் வாத்தியார், ஆகவே மிஷனரி என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிற ஆள் நான் இல்லை. ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் 1819லேயே வைத்தியம் பார்க்க இலங்கைக்கு வந்தவர். பேத்தி நியூயார்க் கார்னெலில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து 1900ல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் தொடங்கினார், 1902ல் ஷெல் ஆஸ்பத்திரி, 1918ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி, 1960ல் கொடைக்கானலில் இறக்கும் வரை இந்த நாடுதான் அவருக்கு வீடு. அவர்களும் மதம் பரப்பத்தான் வந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. 1806ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குத் தலைப்பாகையும் நெற்றிக் குறியும் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம், எங்களைக் கிறிஸ்தவராக்கப் பார்க்கிறார்கள் என்ற பயம்தான் அதற்கு உள்ளே இருந்தது. அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஸ்கடர் குடும்பத்தார் நம் பாஷையைக் கற்றுக்கொண்டு, நம் காலராவிலும் பிளேக்கிலும் நம்மோடு இருந்து, தப்பு செய்தால் மறுநாள் காலை நம் முகத்தில் விழிக்க வேண்டிய இடத்தில் வாழ்ந்தார்கள். மூன்று நாள் மேடையில் நின்றுவிட்டு விமானம் ஏறுகிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

சரி, அமெரிக்காவுக்கு வருகிறேன். பியூ ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2007ல் அங்கே பெரியவர்களில் 78 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னார்கள், 2023-24ல் 62 சதவீதம். எந்த மதமும் இல்லை என்று சொன்னவர்கள் அதே காலத்தில் 16லிருந்து 29 சதவீதம் ஆகிவிட்டார்கள். 1999ல் 70 சதவீதம் பேர் ஏதாவது ஒரு தேவாலயத்திலோ ஜெப ஆலயத்திலோ மசூதியிலோ உறுப்பினர், 2020ல் 47 சதவீதம் என்று கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் சொல்கிறது. கடந்த சில வருடங்களாகச் சரிவு கொஞ்சம் நின்றிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் எங்கள் ஊருக்குச் சம்பந்தமான விஷயம், யார் வேகமாகக் குறைந்தார்கள் என்பது. ஆஸ்பத்திரியும் கல்லூரியும் கட்டிய பழைய பாரம்பரிய புராட்டஸ்டன்ட் சபைகள் 18 சதவீதத்திலிருந்து 11க்கு வந்துவிட்டன. மனம் மாறுவதையும் சுவிசேஷம் பரப்புவதையும் முக்கியமாக வைக்கிற, இவாஞ்சலிக்கல் என்று சொல்லப்படுகிறவர்கள் 26லிருந்து 23, அவ்வளவுதான். ஸ்கடர்களை அனுப்பிய ரிஃபார்ம்டு சர்ச்சே அங்கே சுருங்கிப்போய், ஓரினச்சேர்க்கையாளர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டையில் 2021க்குப் பிறகு பல சபைகள் பிரிந்தும் போய்விட்டன. உலகிலேயே அதிக மிஷனரிகளை அனுப்பும் நாடு இன்றும் அமெரிக்காதான். ஆனால் நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த அந்தப் பழைய கை தளர்ந்துவிட்டது, இப்போது கதவைத் தட்டுவது பெரும்பாலும் வேறு கை.

அந்தக் கை கொண்டுவருவது அவர்கள் ஊர்ச் சண்டையை. பைபிளின் ஒவ்வொரு எழுத்தும் அப்படியே உண்மை என்று நிற்கிறவர்களுக்கு ஃபண்டமென்டலிஸ்ட் என்ற பெயரே 1910க்கும் 1915க்கும் நடுவில் ஒரு கலிபோர்னியா எண்ணெய் முதலாளியின் பணத்தில் அச்சான பன்னிரண்டு புத்தகங்களிலிருந்து வந்தது. 1925ல் டென்னஸியில் டேட்டன் என்ற ஊரில் பரிணாமம் பற்றிப் பாடம் நடத்திய ஒரு வாத்தியாருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். பரிணாமம் நடத்தினால், எல்லாம் கடவுள் நேராகப் படைத்தவை என்கிற படைப்புவாதத்தையும் சேர்த்து நடத்த வேண்டும் என்ற லூயிசியானா சட்டத்தை 1987ல் அவர்கள் உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது. அங்கே தோற்றது இங்கே வி.பி.எஸ். என்கிற, சபைகள் விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடத்தும் பைபிள் வகுப்பு வழியாக என் வீட்டுக்குள் வந்தது. போன மே மாதம் என் பேரன் வந்து, பாட்டி, பூமிக்கு ஆறாயிரம் வயதுதான், நீங்க பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக் கொடுத்தீங்களா என்று கேட்டான். முப்பத்தொரு வருடம் அறிவியல் நடத்தியவள் நான். நம் வட ஆற்காட்டு மலைப் பாறைகளுக்கு 200 கோடி வருடத்துக்கும் மேல் வயது, நீ விளையாடுகிற குன்றே அதற்குச் சாட்சி என்று அவனை உட்கார வைத்துச் சொன்னேன். பைபிளைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் அம்மாவுக்கு இன்னும் என்மேல் வருத்தம்.

உகாண்டாவில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2009 மார்ச்சில் ஸ்காட் லைவ்லி என்ற பாஸ்டர் உட்பட மூன்று அமெரிக்கர்கள் கம்பாலாவுக்குப் போய், ஓரினச்சேர்க்கையாளர்களால் குடும்பங்களுக்கு ஆபத்து என்று கருத்தரங்கு நடத்தினார்கள். அந்த வருடமே மரண தண்டனையோடு ஒரு மசோதா வந்தது. 2014ல் ஆயுள் தண்டனையாக மாறிச் சட்டமானதை நீதிமன்றம் தள்ளிவிட்டது, 2023ல் சில குற்றங்களுக்கு மறுபடி மரண தண்டனையோடு புதுச் சட்டம் வந்துவிட்டது. நடுவில் 2015ல் அமெரிக்காவில் ஓரினச்சேர்க்கையாளர்களுக்கு நாடு முழுவதும் திருமண உரிமை கிடைத்தது. அவர்கள் ஊரில் செல்லுபடியாகாத பேச்சுக்கு எங்கோ ஒரு தாயின் பிள்ளை சிறைக்குப் போகிறான்.

இதையெல்லாம் கிறிஸ்தவர்களை அடிக்க ஒரு கட்டையாக எடுத்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் நாலு பேர் கூடி ஜெபித்தாலே போலீஸுக்கு போன் போடுகிற காலம் இது, அந்தப் பக்கம் நான் நிற்கவில்லை. அமெரிக்காவில் கோயில் காலியானால் எனக்கு மகிழ்ச்சியும் இல்லை.

நான் கேட்பது எங்கள் ஆட்களிடம். வெளிநாட்டு விருந்தாளி என்றதும் மாலை வாங்க ஓடுகிறோமே, இவரை அனுப்பியது யார், மைதானத்து வாடகை யார் பணம், என்ன விசாவில் வந்திருக்கிறார் என்று எந்தச் சபைக் கமிட்டியாவது கேட்கிறதா? சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்ய நம் சட்டத்தில் இடமில்லை. விதைக் காணிக்கை போட்டால் நூறு மடங்கு திரும்பி வரும் என்று சொல்லி, பீடி சுற்றுகிற பெண்களிடமும் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களிடமும் கவர் வாங்குகிறார்களே, அந்தக் கணக்கை யார் பார்த்தது? இந்த மாவட்டத்தில் டாக்டரோ நர்ஸோ உட்காராத சபை அநேகமாக இருக்காது. மருந்தை நிறுத்தச் சொல்லும் யாருக்கும் எங்கள் மேடை கிடையாது என்று ஆயர்கள் அவர்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பீடத்திலிருந்தே சொல்லட்டும். ஒரே ஒரு ஞாயிறு ஆராதனையில் ஐந்து நிமிடம் போதும்.

குடியாத்தத்தில் அதே மைதானத்தில் அடுத்த மாதம் மறுபடியும் மூன்று நாள் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சின்னம்மா இப்போது காலையில் ஜெபம் செய்துவிட்டுத்தான் ஊசி போட்டுக்கொள்கிறார், ஒரு நாளும் தவறுவதில்லை. மூன்று நாளும் நாங்கள் இரண்டு பேரும் அந்த மைதானத்து வாசலில் இருப்போம். காலைக் காட்டச் சொன்னால் காட்டுகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
ராணிப்பேட்டை.