லேப்டாப் பெட்டியின் மேல் கடைசித் தேதியை அச்சிடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டரில் ஆர்வமுள்ள நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்பது கடலூரில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிற எனக்கு நன்றாகவே தெரியும். இன்டெல்லா ஏ.எம்.டி.யா, விண்டோஸா லினக்ஸா, ஆண்ட்ராய்டா ஐபோனா, இந்த வருடம் வந்த கிராபிக்ஸ் கார்டு போட்ட காசுக்குத் தகுமா, தகாதா. எல்லாம் நல்ல பேச்சுதான், நானும் கடையை மூடிய பிறகு நின்று பேசுகிறவன்தான். ஆனால் இவ்வளவு பேச்சிலும் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை. இன்று நான் வாங்கும் இந்த மெஷினுக்கு மென்பொருள் அப்டேட் எந்த வருடம் வரைக்கும் வரும்? இதற்கான பதில் வாங்கும்போதே, பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும், மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருக்கிற மாதிரி. அதைச் சட்டமாக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஏன் இப்போது கேட்கிறேன் என்றால், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு (பாதுகாப்புத் திருத்தம் அனுப்புவது) முடிந்தது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் பலர் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணே, இது நல்லாத்தான ஓடுது, ஏன் புதுசு வாங்கச் சொல்றாங்க?" பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவியிடம் வேறொரு கடையில், இனிமேல் இந்த லேப்டாப்பை நெட்டில் போட்டாலே வைரஸ் வந்துவிடும், குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அப்பா அதை வாங்கக் கடன் வாங்கியவர். பயமுறுத்தி விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதே நேரம் அந்தக் கடைக்காரர் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. பாதுகாப்புத் திருத்தம் வராத மெஷினில் பேங்க் வேலை பார்ப்பது ஆபத்துதான், இன்றைக்கே இல்லாவிட்டாலும் போகப் போக.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். அதற்குச் சில மாதம் முன்பு மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் ஒரு மாநாட்டு மேடையில், இதுதான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று சொன்னார். அது உலகம் முழுக்கச் செய்தியானது, எங்களைப் போன்ற ஆட்கள் வாடிக்கையாளர்களிடம் அதையேதான் சொன்னோம். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், செக்யூர் பூட் (மெஷின் ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓட விடும் வசதி) வேண்டும், ப்ராசசர் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷனிலிருந்துதான் என்றார்கள்.

இங்கேதான் நண்பர்களுக்குள் சண்டை. ஒரு கட்சி சொல்கிறது: பாதுகாப்புக்காகத்தான் இந்த நிபந்தனை, பழசையே கட்டிக்கொண்டு அழுதால் ஹேக்கருக்குத்தான் லாபம். டி.பி.எம். விஷயத்தில் இவர்கள் சொல்வது சரி. டிஸ்க்கைப் பூட்டும் சாவியைத் தனியாக ஒரு சிப்பில் வைப்பது நல்ல ஏற்பாடு, லேப்டாப் திருடு போனாலும் உள்ளே இருக்கும் படமும் கணக்கும் வெளியே போகாது. ஆனால் 2016 ஜூலைக்குப் பிறகு விண்டோஸ் 10 போட்டு விற்கும் புதிய மாடல்களில் டி.பி.எம். 2.0 இருந்தாக வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே விதி வைத்திருந்தது. ஆக, அதற்குப் பிறகு வந்த ஆறாவது, ஏழாவது ஜெனரேஷன் மெஷின்களில் அந்தச் சிப் வசதி பெரும்பாலும் ஏற்கனவே இருக்கிறது. அவை வெளியே நிற்பது, விண்டோஸ் 11க்கு எந்தெந்த ப்ராசசர் ஆகும் என்று மைக்ரோசாஃப்ட் போட்ட பட்டியலால்.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஐ5-8250யூ என்ற ப்ராசசர் 2017 ஆகஸ்டில் வந்தது, அது பட்டியலில் இருக்கிறது. ஐ3-7020யூ வந்தது 2018இல், அதாவது அதற்கும் பின்னால், அது பட்டியலில் இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அடிப்படை வடிவமைப்பு. 2018 ஜனவரியில் வெளியே தெரிந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறை இரண்டுக்குமே உண்டு. இந்த 7020யூ போட்ட லேப்டாப்தான் நம் ஊர்ப் பக்கம் 2018, 2019இல் குறைந்த விலை என்று ஏகப்பட்ட பேர் வாங்கினது. புதுசாக வாங்கி இரண்டு மூன்று வருடத்துக்குள் அடுத்த விண்டோஸுக்குத் தகுதியில்லை என்று ஆகிவிட்டது. வாங்கிய அன்றைக்கு இது யாருக்கும் தெரியாது. விற்ற கடைக்காரருக்கும் தெரியாது. கோபம் வர வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கட்சி, அதெல்லாம் ஒன்றும் இல்லை, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் இன்ஸ்டால் யு.எஸ்.பி. செய்து நிபந்தனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுவிடலாம் என்கிறது. போடலாம், ஓடும். சொந்த மெஷினில் விஷயம் தெரிந்தவர்கள் செய்து பார்க்கட்டும். ஆனால் மளிகைக் கடை பில்லிங் மெஷினிலும் கிளினிக் மெஷினிலும் அப்படிப் போட்டுக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் பெற உரிமை இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. வருடாந்திரப் பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், எஸ்.எஸ்.இ. 4.2 என்ற ப்ராசசர் வசதி இல்லாத கோர் 2 டியோ காலத்து மெஷின்கள் பூட் ஆவதே நின்றுபோனது. நாளைக்கு எது நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

மூன்றாவது கட்சி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ். என் மனசு இவர்கள் பக்கம், அதை ஒளிக்கவில்லை. 2011இல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த அந்தப் பாஸைப் பலர் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு கதை. இன்றைக்கு லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 போட்டால் 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும், அதற்குக் காசு கிடையாது. தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. (அதைவிட வேகமான சேமிப்பகம்) மாட்டி மின்ட் போட்டால் பத்து வருடப் பழைய மெஷின்கூட ஒரு பிள்ளையின் படிப்புக்குத் தாராளமாகப் போதும். கடலோரத்தில் இருக்கிறோம், உப்புக்காற்றில் ரேம் முனை கறுத்துப்போய் மெஷின் ஆன் ஆகாமல் இருக்கும், அழி ரப்பரால் தேய்த்து மாட்டினால் எழுந்துவிடும். அதற்கே செத்துப்போச்சு என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

ஆனால் லினக்ஸ் நண்பர்கள் எல்லோருக்கும் அதையே சொல்வது நியாயமில்லை. டேலி போட்டுக் கணக்கு எழுதுகிறவர் விண்டோஸை விட முடியாது. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் டி.டி.பி. சென்டர், அச்சகம் நடத்துகிறவர்கள் இன்னும் பேஜ்மேக்கர் 7இல்தான் கல்யாணப் பத்திரிகை செய்கிறார்கள். அது 2001இல் வந்த மென்பொருள், அதற்குப் பிறகு புதுப் பதிப்பே வரவில்லை. அவர்களிடம் இருக்கும் தமிழ் எழுத்துருக்கள் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய காலத்தவை, பழைய ஃபைல்கள் முழுக்க அதில்தான். 2010இலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது, ஆனாலும் அச்சகங்களில் பழைய எழுத்துரு போகவில்லை. அவர்களுக்கு நான் சொல்வது, அந்த மெஷினை நெட்டிலிருந்து பிடுங்கிவிடுங்கள், பென் டிரைவை ஸ்கேன் செய்யாமல் போடாதீர்கள், வாட்ஸ்அப்புக்கும் மெயிலுக்கும் வேறு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள். வேறு நல்ல வழி இப்போதைக்கு இல்லை.

சரி, புதுசே வாங்கிவிடலாமே என்றால் அது இப்போது லேசான காரியமா? ரேம் விலை 2025 கடைசியில் ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உலகத்தில் பெரிய அளவில் ரேம் சிப் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று பேர்தான். ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய எச்.பி.எம். என்ற நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 2025 டிசம்பர் 3ஆம் தேதி மைக்ரான், நாம் கடைகளில் வாங்கும் குரூஷியல் பிராண்டு வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. எங்கோ அமெரிக்காவில் டேட்டா சென்டர் கட்டுகிறார்கள், அதற்கான விலையை நெல்லிக்குப்பத்தில் ரேம் மாற்ற வருகிறவர் கொடுக்கிறார். முன்பெல்லாம் புதுச்சேரியில் போய் வாங்கினால் வரி குறைவு என்று பஸ் ஏறுவார்கள், 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்த வரி வித்தியாசமும் போய்விட்டது, லேப்டாப்புக்கு அங்கேயும் இங்கேயும் 18 சதவீதம்தான்.

அதனால்தான் தேதியை முதலிலேயே சொல்லுங்கள் என்கிறேன். இது நடக்காத காரியம் இல்லை. கூகுளின் மென்பொருளில் ஓடும் குரோம்புக் லேப்டாப்பின் ஒவ்வொரு மாடலுக்கும் அப்டேட் எந்த மாதம் நிற்கும் என்று கூகுள் பட்டியலே போட்டிருக்கிறது, 2023இல் அந்தக் காலத்தைப் பத்து வருடமாகவும் நீட்டியது. பிக்சல் 8, சாம்சங் எஸ்24 போன்களுக்கு ஏழு வருடம் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்றார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், நெட்டில் இணையும் வீட்டுச் சாதனங்களுக்குக் குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று தயாரிப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, கம்ப்யூட்டரை அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக வருகிறது, ஆதரவு முடியும் மாதமும் வருடமும் வாங்கும் நேரத்திலேயே தெரிய வேண்டும் என்கிறது அது. அங்கே சொல்ல முடிந்த தேதியை அதே கம்பெனிகளால் இங்கே ஏன் சொல்ல முடியாது?

நம் நாட்டில் பாதி வழி ஏற்கனவே போட்டிருக்கிறது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள்படி பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், வருடம், புகார் சொல்ல வேண்டிய முகவரி எல்லாம் இருந்தாக வேண்டும். அதில் ஒரு வரி கூட்டினால் போதும். பழுதுபார்க்கும் வசதிக்கு மதிப்பெண் கொடுக்கும் திட்டத்துக்கு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை போட்ட குழு 2025இல் அறிக்கை கொடுத்தது, மென்பொருள் அப்டேட்டையும் மதிப்பெண்ணில் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் முதல் கட்டத்தில் மொபைலும் டேப்லெட்டும்தான். லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் சேர்க்கச் சொல்லி நம் எம்.பி.க்கள் கேட்க வேண்டும், கடலூர் எம்.பி.யும் புதுச்சேரி எம்.பி.யும் இரண்டு பேருமே.

மாநில அரசு அதுவரைக்கும் காத்திருக்கவே தேவையில்லை. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தார்கள். 20 லட்சம் வாங்குகிறவர் சொன்னால் எந்தக் கம்பெனியும் கேட்கும். இனி விடும் ஒவ்வொரு டெண்டரிலும், பாதுகாப்பு அப்டேட் இந்தத் தேதி வரை உறுதி என்று எழுதிக் கொடுக்கிறவரிடம்தான் வாங்குவோம் என்று ஒரு நிபந்தனை வைக்கட்டும். பள்ளி லேபுகளுக்கு வாங்கும் புதுச்சேரி அரசும் இதைச் செய்யலாம். அதோடு, அரசு அலுவலகங்களில் கழிக்கப்படும் கம்ப்யூட்டர்களை எடைக்கு ஏலம் விடும் முன், ஓடுகிறவற்றுக்கு லினக்ஸ் போட்டுக் கிளை நூலகங்களுக்குக் கொடுக்க முடியுமா என்று மாவட்ட நிர்வாகம் பார்க்க வேண்டும். போட்டுக் கொடுக்க எங்களைப் போன்றவர்கள் தயார், கூலி வேண்டாம்.

பிராண்டுக்காகச் சண்டை போடும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களை நம்பித்தான் உங்கள் தெருவில் பத்துப் பேர் லேப்டாப் வாங்குகிறார்கள். அடுத்த முறை யாராவது எதை வாங்கலாம் என்று கேட்டால் எத்தனை கோர், எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்பதற்கு முன்னால் எத்தனை வருடம் அப்டேட் என்று கடையில் கேட்க வைத்து, பதிலைப் பில்லில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் டீலரைக் கேட்பார், டீலர் கம்பெனியைக் கேட்பார்.

இப்போதைக்கு விண்டோஸ் 10இலேயே இருக்கிறவர்கள் பதற வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தம் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. மெஷினில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும், செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசு கட்ட வேண்டியதில்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் சேர்வதற்கான இணைப்பு அங்கேயே தெரியும். இந்தத் தகவலையாவது தங்கள் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால், பயந்துபோய்ப் புதுசு வாங்கக் கடன் கேட்டு அலைகிற சில குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.