செபமாலைக்கு இன்னும் பத்து நிமிடம்: பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பெருமதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், தோட்டங்களிலிருந்து வரும் தமிழ் இறைமக்கள் எழுதும் மடல்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தோம். அக்டோபர் மாதம் முழுவதும் பூசைக்கு முந்தைய தமிழ்ச் செபமாலை 15 நிமிடத்தில் முடிய வேண்டும், மறையுண்மையின் (ஒவ்வொரு பத்து மணிக்கும் முன் அறிவித்துத் தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சி) எண் மட்டும் திரையில் வரும், வாசகமும் மௌனமும் வேண்டாம் என்று அதில் இருக்கிறது. காரணங்கள் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பூசை நேரத்துக்குத் தொடங்க வேண்டும். அடுத்த மொழிக் குழுவினர் வாசலில் காத்திருக்கிறார்கள். கார் நிறுத்த இடமில்லை. இவற்றில் எதையும் நாங்கள் மறுக்கவில்லை. நாங்கள் கேட்பது 25 நிமிடம். அதில் ஒவ்வொரு மறையுண்மைக்கும் ஒரு நிமிடம்.

நேரக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஃபாதர். ஒரு செபமாலையில் 53 அருள் நிறைந்த மந்திரம் இருக்கிறது. முன்பாதியைச் சொல்ல 8 வினாடி, சபை பதில் சொல்ல 8 வினாடி என்று நிதானமாக வைத்தால் அதற்கு மட்டும் 14 நிமிடம் ஆகிவிடும். ஆறு முறை கர்த்தர் கற்பித்த செபம், ஆறு முறை திரித்துவப் புகழ், தொடக்கத்தில் விசுவாசப் பிரமாணம், ஐந்து முறை ‘ஓ என் இயேசுவே’, கடைசியில் மாதாவை நோக்கிச் சொல்லும் கிருபை தயாபத்து மந்திரம். எல்லாம் சேர்ந்தால் 20 நிமிடம். இதில் மறையுண்மைக்கு ஒரு வினாடிகூட இல்லை. அப்படியானால் 15 நிமிடத்தில் எப்படி முடிக்கிறோம்? ஒருவர் வாயை மூடுமுன் மற்றவர் தொடங்குவதால்தான்.

அதில் எதை இழக்கிறோம் என்று யாராவது கவனித்தார்களா? தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலச் செபத்தில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்பது இடையிலேயே வந்துவிடுகிறது. அவசரத்தில் வால் அறுந்தாலும் வேண்டுதல் மிஞ்சும். நம்முடைய செபம் அப்படியல்ல. “பாவிகளாகிய எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்” என்று சபை சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் அடுத்த “அருள் நிறைந்த மரியே” வந்து விழுகிறது. அமுங்கிப்போவது ‘வேண்டிக்கொள்ளும்’ என்ற சொல். அதாவது, வேண்டுதலே அமுங்கிப்போகிறது. முன்பாதியிலும் இதே கதிதான். “திருவயிற்றின் கனியாகிய இயேசுவும்” என்றதும் சபை “புனித மரியே” என்று பாய்ந்துவிடுவதால் ‘ஆசி பெற்றவரே’ காணாமல் போகிறது. ஒரு மாலைப்பொழுதில் 53 முறை இயேசுவின் புகழும் மாதாவிடம் கேட்கும் மன்றாட்டும் நசுங்குகின்றன. லயத்துச் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சிறுகோவிலில் பிரியதத்த மந்திரம் (இதே செபத்தின் பழைய தமிழ் வடிவம்) சொல்லி வளர்ந்த பாட்டிமார்கள் இப்போது பாதியில் நிறுத்திவிட்டு மணியை மட்டும் உருட்டுகிறார்கள். ஒலிபெருக்கியின் வேகத்துக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. இதைத்தான் முதலில் உங்கள் முன் வைக்கிறோம்.

அடுத்தது மறையுண்மைகள். திரையில் ‘4’ என்று காட்டினால் யாருக்கு என்ன புரியும்? கண்ணில் புரை விழுந்தவர்களுக்குத் திரை தெரியாது. மலாய்வழித் தேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இருவருக்கும் பொதுவானது காது ஒன்றுதான். வியாழக்கிழமை நிலைமை இன்னும் மோசம். அன்று சொல்லும் ஒளியின் மறையுண்மைகளை இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை முன்வைத்தது 2002-இல். சிறுவயதில் பழைய பதினைந்து மறையுண்மைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு இதில் மூன்றாவது எது என்று எண்ணைப் பார்த்துச் சொல்லத் தெரியாது. “இயேசு இறையாட்சியைப் பறைசாற்றி மனம் மாற அழைத்ததைத் தியானிப்போம்” என்று ஒருவர் வாய்திறந்து சொன்னால்தான் அந்தப் பத்து மணிக்கும் ஒரு முகம் வரும்.

மகிழ்ச்சி மறையுண்மைகளில் நான்காவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்தது’ என்ற தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது ஒரு சடங்கின் பெயர்தான். லூக்கா 2:24-ஐ வாசித்துப் பாருங்கள். மரியாவும் யோசேப்பும் கொண்டு வந்தவை புறாக்கள். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்கள் இரண்டு புறாக்களைக் கொண்டு வரலாம் என்று லேவியர் 12:8 சொல்கிறது. உலக மீட்பரை ஏழையின் காணிக்கையோடு கோவிலுக்குத் தூக்கி வந்தார்கள். அங்கேயே, அதே மணி நேரத்தில், முதியவர் சிமியோன் அந்தத் தாயிடம் உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்கிறார். இதற்குப் பெயர் மகிழ்ச்சி மறையுண்மை! மகிழ்ச்சிக்குள் வாள் எப்படி வந்தது என்ற கேள்வியோடு பத்து மணி உருட்டிப் பாருங்கள். பால்மரக் (ரப்பர்) காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிய தாய்மாருக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வசனங்கள் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். மறையுண்மை என்பது கடந்து போக வேண்டிய எண் அல்ல. நம் வாழ்வை அதற்குள் வைத்துப் பார்க்கிற இடம் அது.

இது எங்கள் சொந்த ஆசை என்று பேரவை நினைத்துவிடக் கூடாது. ஆறாம் பவுல் திருத்தந்தை 1974-இல், தியானம் இல்லாத செபமாலை உயிரற்ற உடல் போன்றது என்றும், அது வெறும் வாய்ப்பாடாகிவிடும் என்றும், அமைதியான தாளத்தில் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்றும் எழுதினார். இரண்டாம் யோவான் பவுல் 2002 அக்டோபர் 16-இல் வெளியிட்ட மடலில் வரிசையையே சொல்கிறார்: மறையுண்மையை அறிவித்தல், அதற்குரிய இறைவார்த்தையை வாசித்தல், சற்று மௌனம், அதற்குப் பிறகே கர்த்தர் கற்பித்த செபம். அறிவிப்புத் தாளில் வேண்டாம் என்று இருப்பவை இதில் நடுவில் உள்ள இரண்டும்.

பேரவையின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். சென்ற ஆண்டுகளில் சில நாட்கள் ஒவ்வொரு மறையுண்மைக்கும் சிறு பிரசங்கமே நடந்தது, பூசை தள்ளிப்போனது. அது தவறு. அதற்கு மருந்து இருக்கிறது. சொந்த விளக்கம் எதுவும் வேண்டாம். மறையுண்மையின் பெயரும் அதற்குரிய வரமும் (மகிழ்ச்சி மறையுண்மைகளில் முதலாவதற்குத் தாழ்ச்சி, இரண்டாவதற்குப் பிறரன்பு என்று நம் செபப்புத்தகத்தில் உள்ளபடியே) 10 வினாடி. இரண்டு அல்லது மூன்று வசனம், 30 வினாடி. மௌனம், 20 வினாடி. வாசிப்பவர் வேறு, செபமாலை நடத்துபவர் வேறாக இருக்கட்டும். வாசகத்தை முதல்நாளே பார்த்துவிட்டு வரட்டும். மகிமை மறையுண்மைகளின் கடைசி இரண்டில்தான் வாசகர்கள் தடுமாறுகிறார்கள். மாதாவின் விண்ணேற்பும் முடிசூட்டலும் நற்செய்தியில் நிகழ்ச்சியாக இல்லை. அவற்றுக்கு லூக்கா 1:46-49-ஐயும் திருவெளிப்பாடு 12:1-ஐயும் முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிடலாம். நடத்துபவர் ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, சபையின் ‘ஆமென்’ காதில் விழுந்த பிறகு ஒரு மூச்சு விட்டு அடுத்ததைத் தொடங்கினால் வேகம் தானாகக் குறையும்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோட்டங்கள் கைமாறின, லயங்கள் காலியாயின, அங்கிருந்த சிறுகோவில்கள் பலவும் போயின. மிஞ்சியவர்கள் வேன் பிடித்து டவுன் ஆலயத்துக்கு வருகிறார்கள். இங்கே நேரம் போதாது என்று வந்தால் முதலில் குறைவது தமிழின் நேரம். பாடல் பயிற்சியைக் குறைத்தீர்கள், பொறுத்தோம். வாசகர் பயிற்சி நின்றது, பொறுத்தோம். இப்போது செபமாலை மாதத்திலும் கைவைத்தால் எங்கே போய்ச் சொல்வது? எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் இறைவார்த்தை கேட்கிற கடைசி இடங்களில் இதுவும் ஒன்று.

மன்னித்துக்கொள்ளுங்கள், ஃபாதர். சண்டைக்காக இதை எழுதவில்லை. பூசை நேரத்தை மாற்றச் சொல்லவில்லை. செபமாலையைப் பத்து நிமிடம் முன்னதாகத் தொடங்க அனுமதி கொடுங்கள். நாங்கள் வேனை முன்னதாகவே எடுக்கிறோம். கதவைத் திறக்கவும் விசிறி போடவும் ஆள் வேண்டுமென்றால் நாங்களே முறைவைத்து வருகிறோம். மறையுண்மையைத் தமிழில் வாய்விட்டு அறிவிக்கவும், வசனத்தை வாசிக்கவும், 20 வினாடி அமைதியாக இருக்கவும் விடுங்கள். மொத்தம் 25 நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம் போனாலும் அடுத்த நாள் எங்களைக் கேளுங்கள்.

அக்டோபர் 7, செபமாலை அன்னையின் திருநாள். அதற்கு முன் பேரவை கூடி, அந்தத் தாளை மாற்றி ஒட்டும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

மரியே வாழ்க!

இப்படிக்கு,
தோட்டங்களிலிருந்து வரும் தமிழ் இறைமக்கள்